பேக்ஸ்டாம்ப்: தமிழில் அடிப்பொறி

பழைய ஆங்கிலப் பீங்கான் தட்டு கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் செய்யும் முதல் வேலை அதைக் கவிழ்ப்பதுதான். அடியில் ஒரு பெயரோ கிரீடமோ நங்கூரமோ சில எழுத்துகளோ இருக்கும். இந்த அடையாளம்தான் பேக்ஸ்டாம்ப். செய்தவரின் அடையாளம் என்று பொருள்படும் மேக்கர்ஸ் மார்க் என்ற சொல் வெள்ளிப் பொருளுக்கும் மரச்சாமானுக்கும்கூட வழங்கும். பேக்ஸ்டாம்ப் பாண்டத்தின் அடியில் இருப்பதை மட்டும் குறிக்கும். அஞ்சல் உறையின் பின்புறம் விழும் முத்திரைக்கும் இதே பெயர் உண்டு, அது வேறு துறை.

ஸ்டாம்ப் என்ற வினைக்கு முதலில் இடித்தல், நசுக்குதல் என்றே பொருள். அழுத்திப் பதித்தல் என்பது பிறகு வந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில், இன்று ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று ஒரே நகரமாகிவிட்ட ஆறு ஊர்களில், 18ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் சிலர் சூளைக்குப் போகும் முன்பே களிமண்ணில் தம் பெயரை அழுத்திப் பதித்தார்கள். ஜோசையா வெட்ஜ்வுட் அவர்களில் ஒருவர். செப்புத் தகட்டில் செதுக்கிய ஓவியத்தை மெல்லிய தாளில் எடுத்துப் பாண்டத்தில் ஒற்றும் முறை பரவியபோது, பெயரையும் தகட்டிலேயே செதுக்கினார்கள். தாளில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அடியில் ஒற்றினார்கள். தூரிகையால் எழுதியவையும் உண்டு. பெயரே இல்லாத பாண்டங்களும் ஏராளம்.

தமிழில் இதை முத்திரை என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை. முத்திரைத்தாள், தர முத்திரை என்று பழகிய நமக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ அதிகாரம் உள்ளவர் உறுதி செய்துவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெள்ளியின் ஹால்மார்க்கை உலோகத்தைச் சோதித்தபின் சோதனைச்சாலை இடுகிறது. பாண்டத்தின் அடையாளமோ செய்தவர் தாமே இட்டுக்கொண்டது. அதற்குப் பொறி என்ற பழஞ்சொல் பொருந்தும். புகார் நகரத்துப் பண்டப் பொதிகளைப் பற்றிச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘தம்பெயர் பொறித்த’ என்கிறது. இயந்திரம் என்ற பொருளோடு குழம்பாமலிருக்க, இடத்தையும் சேர்த்து அடிப்பொறி என்று சொல்லலாம்.

அடிப்பொறியை ஏன் அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு வெட்ஜ்வுட் பெயரே சான்று. இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் இருந்த வில்லியம் ஸ்மித் நிறுவனம் அந்தப் பெயரின் நடுவில் ஓர் ஆங்கில ‘இ’ (e) எழுத்தைக் கூட்டித் தன் பாண்டங்களில் பதித்தது. 1848இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ராயல் உஸ்டர் என்ற ஆங்கிலப் பீங்கான் நிறுவனத்தின் அடிப்பொறியின் நடுவில் உள்ள 51 என்ற எண்ணும் பலரை ஏமாற்றுகிறது. அது 1751இல் தொழிற்சாலை தொடங்கியதைச் சொல்கிறது. அந்த அடிப்பொறியே அதற்குச் சுமார் நூறாண்டு கழித்துத்தான் வந்தது.

சரியாகப் படித்தால் கிடைப்பதும் அதிகம். வெட்ஜ்வுட் நிறுவனம் 1860 முதல் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பதித்தது; மூன்றாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி தொடங்கியதால் ‘ஏ’ (A) என்பது 1872ஆகவும் இருக்கலாம், 1898ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் இங்கிலாந்து என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்காவின் மெக்கின்லி சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் பிந்தைய ஆண்டுதான்.

இணையத்தில் தேடும்போது விற்பவர்களின் பக்கங்களில் தொடங்க வேண்டாம். அவர்கள் சொல்லும் காலம் விலையை ஒட்டி நீளும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு கட்டணமின்றித் திறந்திருக்கிறது. பல பாண்டங்களின் அடியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பதிவு செய்திருக்கிறார்கள். சாய்சதுர வடிவக் குறி இருந்தால் அது 1842க்கும் 1883க்கும் இடையில் அரசிடம் பதிவான வடிவம். உச்சியில் உள்ள ரோமன் எண் நான்கு மட்பாண்ட வகையைக் குறிக்கும். 1884 முதல் சாய்சதுரத்துக்குப் பதிலாகத் தொடர் எண் வந்தது. அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் கிடைப்பது வடிவம் பதிவான நாள். உங்கள் கையில் இருக்கும் தட்டு சில ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.