நாலு மணிக்குக் கதவைப் பிறாண்டும் பூனை

"விளக்கை அணைத்தால் போதும், எங்கள் பூனைக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடுகிறது. போர்வைக்குள் அசையும் கால்விரலைக் கடிக்கிறது. வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் விடியற்காலை நாலு மணிக்குப் பிறாண்டிக் கத்துகிறது. பழிவாங்குகிறதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பழியெல்லாம் இல்லை. அந்தியும் வைகறையும் பூனைக்கு வேட்டை நேரம். நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். போர்வைக்குள் நெளியும் விரல் அதற்கு எலி. சரி, இது தெரிந்த கதைதான். நாலு மணிக்கு உங்கள் கதவைத் தேடி வருவது ஏன் என்பதில்தான் சுவாரசியமே.

1898இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் மரச்சட்டங்களால் பெட்டிகள் செய்து, பசித்த பூனையை உள்ளே விட்டு அடைத்தார். சாப்பாடு வெளியே. உள்ளிருக்கும் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனைக்கு அது எப்படித் தெரியும்? கடித்தது, பிறாண்டியது, இடுக்கில் மூக்கை நுழைத்தது. தற்செயலாகக் கால் வளையத்தில் மாட்ட, கதவு திறந்தது. ஒரு பூனைக்கு முதல் தடவை 160 விநாடி ஆனது. மறுபடி மறுபடி அடைத்தபோது வீண் வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இருபது தடவைக்குப் பிறகு ஆறேழு விநாடியில் வெளியே வந்துவிட்டது. யோசித்துக் கண்டுபிடித்திருந்தால் நேரம் சட்டென்று விழுந்திருக்கும். இது ஏறி இறங்கி மெல்லத்தான் குறைந்தது. பலன் தந்த செயல் தங்குகிறது, தராதது கழிகிறது. நாலு மரச்சட்டம், ஒரு கயிறு, ஒரு கடிகாரம். 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டு ஆராய்ச்சிக்கு நிதியை நிறுத்துகிறவர்கள் இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

உங்கள் படுக்கையறையும் அந்தப் பெட்டிதான். கயிற்று வளையம் நீங்கள். பூனை என்னென்னவோ செய்து பார்த்திருக்கும். பிறாண்டியபோது எழுந்து வந்து கிண்ணத்தை நிரப்பினீர்கள்.

தினமும் எழுந்தால்கூடத் தேவலை. மூன்று இரவு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, நாலாவது இரவு 'ஐயோ பாவம்' என்று எழுவதுதான் வினை. பலன் எப்போது வரும் என்று தெரியாமல் படிந்த பழக்கம் லேசில் அழியாது. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் பழியாகக் கிடப்பதும் இதனால்தான்.

நானும் இப்படிக் கெடுத்தவன்தான். இனி எழுவதில்லை என்று முடிவெடுத்த ஐந்தாம் இரவு, பூனை கதவில் உடம்பையே மோதியது. அப்புறம் கூடத்து மேசையில் இருந்த டம்ளரை உருட்டிவிட்டது. அணையப்போகிற விளக்கு ஓங்கி எரியும் அல்லவா? பலன் நின்றுபோன பழக்கமும் ஓய்வதற்கு முன் அப்படித்தான் ஓங்குகிறது, புதுப்புது வடிவமும் எடுக்கிறது. அந்த இரவில் எழுந்தால், டம்ளரை உருட்டக் கற்றுக்கொடுத்தது நாம்தான். திட்டுவதற்காகப் போனாலும் பூனையின் கணக்கில் அது வெற்றி, ஆள் வந்துவிட்டாரே!

கிண்ணத்துக்கும் உங்கள் கால்களுக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும். படுக்கும் முன் நூலில் கட்டிய இறகைத் துரத்தவிட்டுக் களைக்கச் செய்து, உடனே சாப்பாடு வையுங்கள். விடியற்காலைப் பங்கை, நேரம் வைத்தால் தானாகக் கொட்டும் இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். வயதான பூனை திடீரென்று இரவில் கத்தத் தொடங்கினால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; தைராய்டோ ரத்த அழுத்தமோ காரணமாக இருக்கலாம்.

தானாக விழும் தீனியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1948இல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் அவற்றுக்குத் தீனி விழும்படி வைத்தார். தீனி விழுந்தபோது எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே புறா திரும்பத் திரும்பச் செய்தது. ஒன்று வட்டமடித்தது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. ராசியான சட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பூனை அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, முன்னங்காலால் அதை இரண்டு தட்டு தட்டியது. தீனி விழுந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.