காலாட்படை அதிகாரி வேலை: எந்த வழியில் சேரலாம், எத்தனை வருடம், என்னென்ன கிடைக்கும்

இந்திய ராணுவத்தில் காலாட்படை அதிகாரி வேலைக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. நாம் விண்ணப்பிப்பது கமிஷனுக்கு, அதாவது ராணுவ அதிகாரி என்ற நியமனத்துக்கு. காலாட்படையா, பீரங்கிப் படையா, தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸா என்பது பயிற்சியின் கடைசிக் கட்டத்தில்தான் தெரியவரும். ஆனால் அதைவிடப் பெரிய ஒரு விஷயம் விண்ணப்பம் போடும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது: நிரந்தர கமிஷனா, குறுகிய கால கமிஷனா என்பது. ஓய்வூதியம் உண்டா இல்லையா, முப்பத்தைந்து வயதில் வேறு வேலை தேட வேண்டியிருக்குமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. பலர் இதைப் பயிற்சி முடித்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சிப்பாய் நிலைக்கு, நான்கு வருடத்துக்கு. அதிகாரிகளுக்கான தேர்வு, பயிற்சி, சம்பளம் எல்லாமே தனி.

எந்த வழி யாருக்கு

பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் என்.டி.ஏ., அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். ராணுவப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் எழுதலாம். ஆனால் கணிதத் தாளைத் தவிர்க்க முடியாது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600, எஸ்.எஸ்.பி. எனப்படும் சேவைத் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு 900. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் மூன்று வருடம், பிறகு டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் ஒரு வருடம். கிடைப்பது நிரந்தர கமிஷன்.

பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. யு.பி.எஸ்.சி. இதையும் வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. ஒரே விண்ணப்பத்தில் டேராடூன் அகாடமியையும், சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியையும் (ஓ.டி.ஏ.) கேட்கலாம். டேராடூனுக்கு வயது வரம்பு சுமார் 24, ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள், பயிற்சி 18 மாதம், நிரந்தர கமிஷன். ஓ.டி.ஏ.வுக்கு 25 வயது வரை, கணிதம் கிடையாது, பயிற்சி 49 வாரம், குறுகிய கால கமிஷன். ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கட்டணம் இல்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் என்.சி.சி. சிறப்பு நுழைவு இருக்கிறது. பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், வயது 25க்குள். இதுவும் ஓ.டி.ஏ.தான், குறுகிய கால கமிஷன்தான். என்.சி.சி.யில் மூன்று வருடம் இருந்துவிட்டு இந்த வழி தெரியாமலே போகிறவர்கள் ஏராளம்.

பொறியியல் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்ப நுழைவுகளும் உண்டு. அவற்றில் 27 வயது வரை இடமிருக்கிறது. ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் பொறியாளர் படை, சிக்னல்ஸ், இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர் படை) போன்ற பிரிவுகளுக்கே ஒதுக்கப்படுகிறார்கள். மனம் காலாட்படையில் இருந்தால் என்.டி.ஏ., சி.டி.எஸ்., என்.சி.சி. நுழைவு ஆகிய மூன்றும்தான் பொருத்தம்.

பெண்களுக்கு சி.டி.எஸ். வழியாக ஓ.டி.ஏ.வும், 2021இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு என்.டி.ஏ.வும் திறந்திருக்கின்றன. ஆனால் காலாட்படை, கவச வாகனப் படை, இயந்திரமயக் காலாட்படை ஆகியவற்றில் பெண் அதிகாரிகள் இன்னும் சேர்க்கப்படுவதில்லை. பீரங்கிப் படையில் 2023 முதல் சேர்க்கப்படுகிறார்கள்.

விண்ணப்பத்திலேயே நடக்கும் தவறுகள்

அதிகாரி நுழைவுகளில் இட ஒதுக்கீடும் இல்லை, சாதி அடிப்படையிலான வயதுத் தளர்வும் இல்லை. மற்ற அரசுத் தேர்வுகளின் பழக்கத்தில் ‘எனக்கு மூன்று வருடம் கூடுதலாக இருக்கிறது’ என்று காத்திருந்து வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயர் விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் பெரிய தொல்லை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாகவும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்தும் இருக்கும். எஸ்.எஸ்.பி.யில் அசல் சான்றிதழ் சரிபார்க்கும்போது இதை விளக்கிக்கொண்டு நிற்பதைவிட முன்கூட்டியே ஒன்றாக்கிவிடுவது நல்லது. கடைசி வருட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் பட்டம் முடித்த ஆதாரம் கொடுக்க வேண்டும். ஓர் அரியர் நின்றாலும் அந்தப் பயிற்சி வகுப்பு கைவிட்டுப் போகும்.

சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியதும் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டேராடூன் அல்லது ஓ.டி.ஏ.வை முதல் விருப்பமாகக் கொடுத்தவர்கள், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தாங்களாகவே பதிவு செய்ய வேண்டும். எஸ்.எஸ்.பி. மையமும் தேதியும் அதன்படிதான் ஒதுக்கப்படும். யு.பி.எஸ்.சி.யிடமிருந்து கடிதம் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் வராது.

எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள்

பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் என ராணுவத்துக்குத் தேர்வு மையங்கள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வகை கமிஷனுக்கு முதல் முறையாக வருகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முதல் நாள் வடிகட்டல். அறிவுத்திறன் வினாத்தாள்கள், பிறகு ஒரு மங்கலான படத்தை அரை நிமிடம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அதன்மேல் குழுவாகப் பேச வேண்டும். வந்தவர்களில் பெரும்பகுதி அன்று மதியமே வீட்டுக்குத் திரும்பிவிடும். இங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அறிவுக் குறைவு இல்லை, குழுவில் வாய் திறக்காமல் இருப்பதுதான். இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது நடுவில் புகுந்து இரண்டு வாக்கியம் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. படங்களைப் பார்த்துப் பன்னிரண்டு கதைகள் எழுத வேண்டும், அதில் கடைசிக் கதைக்குப் படமே இல்லை, வெற்று அட்டைதான். பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். கடைசியாகத் தன்னைப் பற்றிய குறிப்பு. நேரம் போதாதபடிதான் இது அமைக்கப்பட்டிருக்கிறது. யோசித்து அலங்கரிக்க இடம் கொடுக்காமல், முதலில் மனதில் வருவதை வாங்குவதே நோக்கம். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த ‘வீரமான’ பதில்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. எழுத்தில் தைரியசாலியாக இருப்பவர் மறுநாள் மைதானத்தில் பின்வரிசையில் நின்றால், உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்முக அதிகாரி மூவரின் குறிப்புகளும் ஒத்துப்போகாது.

அடுத்த இரண்டு நாள் மைதானம்: குழு விவாதம், திட்டமிடும் பயிற்சி, பலகையும் கயிறும் உருளைக் கட்டையும் வைத்துத் தடை கடப்பது, மூன்று நிமிடச் சொற்பொழிவு, மூன்று நிமிடத்துக்குள் பத்துத் தனிநபர் தடைகள், கட்டளைப் பணி. இடையில் ஒரு நாள் நேர்முகம். முதல் நாளில் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவத்தை வைத்துத்தான் கேள்வி வரும். பொழுதுபோக்கு என்று கால்பந்து எழுதினால், கடைசியாக எந்த அணிக்கு, எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று கேட்பார்கள். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்பது வேலை கிடைத்தது என்று அர்த்தமில்லை. மருத்துவப் பரிசோதனையும் தகுதிப் பட்டியலும் மிச்சம் இருக்கின்றன. காலியிடம் முடிந்தால் பரிந்துரை பெற்றவருக்கும் அழைப்பு வராது.

மருத்துவம்

சட்டென்று நிராகரிக்கப்படும் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை: முழங்கால் ஒட்டுதல், தட்டைப் பாதம், முழங்கை வளைவு, மூக்குத் தண்டு வளைவு, வெரிகோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம்), மூலம், அதிக எடை, காதில் அழுக்கு. இவற்றில் பலவற்றை ஒரு பொது மருத்துவமனையில் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். நிறக் குருடு இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பார்வைக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்வதாக இருந்தால் 20 வயதுக்கு முன் செய்துவிடாதீர்கள், ஏற்க மாட்டார்கள். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உட்புறமும் புறங்கையும் மட்டுமே அனுமதி, பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. தகுதியில்லை என்று சொல்லப்பட்டால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம்.

உடல்தகுதிக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: 2.4 கிலோமீட்டரை பத்தரை நிமிடத்தில் ஓடுவது, 40 தண்டால், 6 புல்-அப், 30 சிட்-அப். இதைத் தொடாமல் அகாடமிக்குள் போகிறவர்களுக்குத்தான் முதல் மாதத்தில் கால் எலும்பில் கீறல் விழுகிறது, பயிற்சி ஒரு பருவம் தள்ளிப்போகிறது.

காலாட்படை எப்போது, எப்படி

பயிற்சியின் முடிவில் ஒவ்வொரு பயிற்சியாளரும் விருப்ப வரிசை கொடுப்பார். தகுதி வரிசை, காலியிடம், உடல்தகுதி, அப்பா பணியாற்றிய ரெஜிமென்டை (படைப்பிரிவை)க் கேட்கும் பெற்றோர் உரிமை ஆகியவற்றைப் பார்த்து ஒதுக்கீடு நடக்கும். அதிகாரிகள் அதிகம் தேவைப்படுவது காலாட்படைக்கு என்பதால் விரும்பிக் கேட்பவருக்கு அது கிடைப்பது கடினமில்லை. குறிப்பிட்ட ரெஜிமென்ட் கிடைப்பதுதான் கடினம். தமிழர் என்பதால் வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டுக்கே போவோம் என்று எண்ண வேண்டாம். சீக்கிய, கூர்க்கா, குமாவோன் என எதுவும் வரலாம். வந்தால் அந்தச் சிப்பாய்களின் மொழியைக் கற்றுக்கொள்வது உங்கள் பொறுப்பு. இந்தி தெரியாமல் போகிறவர்கள் அகாடமியிலேயே அதற்கும் தயாராகிவிடுவது நல்லது.

ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனில் சேர்ந்தபின் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியில் இளம் அதிகாரிகள் வகுப்பு, பெலகாவியில் கமாண்டோ பயிற்சி. முதலில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட பிளாட்டூன் உங்களிடம் வரும், மேஜராகும்போது நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட கம்பெனி. எல்லைப் பகுதியும், பதற்றமில்லாத ஊர்களிலுள்ள அமைதி நிலையமும் மாறி மாறி வரும். எல்லைப் பகுதிகளில் குடும்பத்தை உடன் வைத்திருக்க முடியாது. திருமணத்துக்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டிய விஷயம் இது.

சம்பளம், பதவி உயர்வு

அகாடமியில் இருக்கும்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஏழாவது ஊதியக் குழுவின்படி லெப்டினன்ட் அடிப்படை ஊதியம் அதே 56,100இல் தொடங்குகிறது. கேப்டனுக்கு 61,300, மேஜருக்கு 69,400, லெப்டினன்ட் கர்னலுக்கு 1,21,200. இதற்கு மேல் எல்லோருக்கும் ராணுவச் சேவை ஊதியம் 15,500, அகவிலைப்படி, பணியிடத்தைப் பொறுத்து இடர்ப்படி. சியாச்சினில் அந்த இடர்ப்படி மாதம் 42,500. கேப்டனாக இரண்டு வருடம், மேஜராக ஆறு, லெப்டினன்ட் கர்னலாகப் பதின்மூன்று வருடச் சேவை போதும், துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். கர்னல் பதவி தேர்வுக் குழுவின் கையில். பாதியில் நிற்பவர்கள் அங்கேதான் அதிகம் நிற்கிறார்கள்.

நிரந்தர கமிஷனில் 20 வருடச் சேவை முடித்தால் ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் பாதி. ராணுவத்தினர் புதிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருவதில்லை. குறுகிய கால கமிஷன் 10 வருடம், விருப்பமிருந்தால் இன்னும் 4 வருடம். பத்தாம் வருடத்தில் நிரந்தர கமிஷனுக்குக் கேட்கலாம், ஆனால் கேட்டவர் எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்காமல் வெளியே வந்தால் பணிக்கொடையும் சேமநிதித் தொகையும் உண்டு, ஓய்வூதியம் கிடையாது.

வெளியே வருவதைப் பற்றி முன்பே கணக்குப் போட்டுவைக்கலாம். ஐந்து வருடச் சேவை முடித்து, ஒப்பந்தக் காலம் நிறைவடைந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் ஐந்து வருட வயதுத் தளர்வு இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு 32 என்றால் இவர்களுக்கு 37. இருபத்தைந்தில் கமிஷன் பெற்றவர் முப்பத்தைந்தில் வெளியே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, நான்கு வருட நீட்டிப்பு வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பாருங்கள். ஓ.டி.ஏ.வில் தேறியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் தருகிறது, தனியார் வேலைக்குப் போகும்போது அதைச் சுயவிவரத்தில் விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக் காலத்துக்குத் தனி விதிகள் உண்டு. பயிற்சி முடியும்வரை திருமணம் செய்யக் கூடாது, செய்தால் வெளியேற்றம். சொந்த விருப்பத்தில் நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சியில் ஏற்பட்ட காயத்தால் மருத்துவக் காரணத்தில் விலக்கப்பட்டால் மாதம் 9,000 ரூபாய் கருணைத்தொகை, அதோடு ஊன அளவுக்கேற்ற தொகை, முழு ஊனம் என்றால் மாதம் 16,200. பயிற்சியாளர் இன்னும் அதிகாரியாகக் கணக்கில் வருவதில்லை என்பதால் இது ஊன ஓய்வூதியம் என்று அழைக்கப்படுவதில்லை. காயம் சிறியது என்று தோன்றினாலும் அகாடமி மருத்துவப் பதிவேட்டில் அன்றே எழுத வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் காயம் பயிற்சியில் ஏற்பட்டது என்று நிரூபிக்க அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.