பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை: ஜூனிப்பர் வாங்கும் முன்

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாள் முன்பு ஒருவர் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் சின்ன போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) ஒன்றைக் காரின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "இலை மட்டும் ஒரு மாதிரி மங்கலா இருக்கு, மத்தபடி பச்சையாத்தான் இருக்கு. உரம் ஏதாவது போடலாமா?" என்றார். ஒரு கிளை நுனியை விரலால் நசுக்கினேன், பொடியாக உதிர்ந்தது. தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, வெறும் பழுப்பு. மேலே பரப்பியிருந்த கூழாங்கற்களை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. விற்ற இடத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து போயிருக்கிறது, நடுவில் வேரைச் சுற்றிய மண் கல்லாகக் காய்ந்து கிடந்தது. அவர் அதை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. என் கணக்கில், வாங்கியபோதே அது பாதி செத்த மரம்.

ஜூனிப்பரின் குணம் அப்படி. வேர் காய்ந்தாலும் சரி, அழுகினாலும் சரி, இலை வாரக்கணக்கில் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும். மற்ற செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நம்மைக் கூப்பிடும். இது கூப்பிடாது. நிறம் மாறிய பிறகு செய்யும் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் பலன் இருக்காது. அதனால் முக்கால்வாசி வேலை வாங்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

நர்சரியில் நிற்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், நுனியை வளைத்துப் பாருங்கள். உயிருள்ள நுனி துவளும், கசக்கினால் பிசின் வாசம் தூக்கலாக வரும். முடிந்தால் செடியைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் உருவிப் பாருங்கள். வேர் தொட்டியின் உட்புறத்தை வட்டமாகச் சுற்றி இறுகிப்போயிருந்தால் வேறு செடியைக் கேளுங்கள். சேற்று நாற்றம் அடித்தால் கேட்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அடுத்தது அளவு. நான் பார்த்த ஜூனிப்பர் புகார்களில் பாதி நோயே அல்ல, இடநெருக்கடிதான். ஃபிட்ஸர் என்ற வகை வாங்கும்போது முழங்கால் உயரம், பார்க்க அடக்கமாக இருக்கும். அதை வாசற்படி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது ஒன்றரை, இரண்டு மீட்டர் உயர்ந்து, மூன்று மீட்டருக்கு மேல் அகலமாகி, நடைபாதையை விழுங்கிவிடும். சரி, வெட்டிவிடலாம் என்று கத்தியை எடுப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

ஜூனிப்பர் புதரைக் கையால் விலக்கி உள்ளே பாருங்கள். வெளியே ஒரு சாண் அளவுக்குத்தான் பச்சை. உள்ளே வெயில் படாத கிளைகளெல்லாம் மொட்டைக் குச்சிகள். ரோஜாவை ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். ஜூனிப்பரை அந்த மொட்டைப் பகுதி வரை வெட்டினால் அந்த இடம் அநேகமாக மறுபடி துளிர்க்காது, காலத்துக்கும் ஓட்டையாகவே நிற்கும். கவாத்து செய்வதென்றால் வருடாவருடம், பச்சை உள்ள பகுதிக்குள்ளேயே, கொஞ்சமாக. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த ஊசியிலை பட்டாலே தோல் தடித்துவிடும்.

ஆகவே இடத்துக்கு ஏற்ற வகையைத் தேடுங்கள், வகைக்கு இடம் தேடாதீர்கள். தரையை மூட வேண்டும் என்றால் வில்டோனி நல்லது: 15 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது, இரண்டு மீட்டருக்குப் பரவும். குளிரில் அது ஊதா கலந்து நிறம் மாறும், அது நோயல்ல. இடுக்கான மூலைக்கு ஸ்கைராக்கெட்: நான்கைந்து மீட்டர் உயர்ந்தாலும் அகலம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். தொட்டிக்கு என் விருப்பம் புளூ ஸ்டார். மெதுவாக வளரும், இடுப்பளவைத் தாண்டாது. வெயில் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், நிழலில் கிளைகள் அடர்த்தி குறைந்து எலும்பும் தோலுமாகிவிடும்.

இந்த இனத்தில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகியவை. வருடம் முழுக்கப் புழுங்கும் இடத்தில் பலவும் தடுமாறும். அங்கே முயற்சி செய்தே தீர வேண்டும் என்றால் சீன ஜூனிப்பர் வகைகள் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

தொட்டி விஷயத்தில் ஒரு பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லி போடுவது. தண்ணீர் மண்ணிலிருந்து ஜல்லிக்குச் சுலபமாக இறங்காது, அதற்கு மேலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான். ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும், கலவை முழுவதுமே பொலபொலவென்று இருக்கட்டும். பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையோ பொடிக்கல்லோ தாராளமாகச் சேருங்கள். தண்ணீருக்குக் கிழமை கணக்கு வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேரைச் சீர்செய்து புதுக்கலவைக்கு மாற்றுங்கள். பனி உறையும் இடங்களில் இன்னொன்று: தொட்டி வேருக்கு நிலம் என்ற போர்வை கிடையாது, அதனால் உங்கள் ஊர்க் குளிரைவிடக் கூடுதல் குளிர் தாங்கும் வகையாக எடுங்கள்.

இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசியல்ல, சிலந்திப்பேன். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு குறையும். பக்கத்தில் ஆப்பிள் மரம் இருந்தால் கவனம். சில துருப்பூஞ்சைகள் ஜூனிப்பரிலும் ஆப்பிளிலும் மாறி மாறித்தான் வாழ்க்கையை ஓட்டும். வசந்தத்தில் மழை பெய்ததும் ஜூனிப்பர் கிளையில் ஆரஞ்சு நிறக் கொழகொழப்புக் கொம்புகள் முளைத்தால் அதுதான். காட்டுத்தீ வரும் பகுதிகளில் வீட்டுச் சுவரை ஒட்டி இதை நடவே கூடாது, பிசின் உள்ள மரம், குபீரென்று பற்றும். நீலக் காய்களை வாயில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஜின்னுக்கு மணம் தருவது ஒரு வகை, சபைனா என்ற இன்னொரு வகை நச்சு.

போன்சாய்க்காரர் அன்று செத்த மரத்தை என்னிடமே விட்டுவிட்டு, "வேற ஒண்ணு நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "டிவி பக்கத்துலதான், அங்கதான் அழகா இருக்கும்" என்றார். ஜூனிப்பர் கொடுக்கவில்லை. ஒரு மணிபிளான்ட் கொடுத்து அனுப்பினேன்.