கியர் இஞ்ச் என்றால் எந்த இஞ்ச்?

சைக்கிளில் என்ன ரேஷியோ என்று கேட்டால் "48-18" என்று பதில் வரும். முன்னால் செயின் வீலில் 48 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல், வகுத்தால் 2.67. அதாவது பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.67 சுற்று சுற்றும். சரி, அந்தச் சக்கரம் எவ்வளவு பெரியது? பெரிய 28 இஞ்ச் சக்கரமா, மடக்கு சைக்கிளில் வரும் 20 இஞ்ச் சக்கரமா? அது தெரியாமல் 2.67 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வண்டி மிதிக்கக் கனமாக இருக்குமா லேசாக இருக்குமா என்று சொல்லவே முடியாது. சக்கரத்தையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்வதற்கு இருக்கும் சொல்தான் கியர் இஞ்ச்.

கணக்கு எளிது. சக்கரத்தின் விட்டத்தை (டயரோடு சேர்த்து, இஞ்சில்) பல் விகிதத்தால் பெருக்க வேண்டும். 28 இஞ்ச் சக்கரத்தில் 48-18 என்றால் ஏறக்குறைய 75. ஆனால் அந்த வண்டியில் எங்கே டேப் வைத்து அளந்தாலும் 75 இஞ்ச் அகப்படாது, இல்லாத ஒன்றை ஏன் இஞ்சில் சொல்கிறார்கள் என்று புதிதாகக் கேட்பவர்கள் குழம்புவது நியாயம்தான்.

ஒரு காலத்தில் அது நிஜமான சக்கரமாகவே இருந்தது. 1870-களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிள்களில் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும், பின்னால் குட்டிச் சக்கரம். பென்னி, ஃபார்திங் என்ற பெரிய நாணயத்தையும் சின்ன நாணயத்தையும் பக்கத்தில் வைத்த மாதிரி இருந்ததால் பென்னி ஃபார்திங் என்று பிற்பாடு பெயர் வந்தது. அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் மாட்டியிருக்கும், ஆகவே கால் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. வேகமாகப் போக வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி, அதற்கும் ஓட்டுபவரின் கால் நீளம் எல்லை போட்டுவிடும். 50, 54, உயரமான ஆளாக இருந்தால் 60 இஞ்ச் என்று காலுக்கு ஏற்ற சக்கரமாகப் பார்த்து வாங்கினார்கள்.

1885-இல் காவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் வண்டி, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கால் தரைக்கு எட்டும். இனி வேகத்துக்கும் சக்கரத்தின் உயரத்துக்கும் நேரடி உறவு இல்லை, பல் எண்ணிக்கையை மாற்றினால் போதும். ஆனால் வாங்க வருகிறவருக்குப் பழகிய அளவு பெரிய சக்கரத்தின் இஞ்ச்தானே, ஆகவே இந்தச் சின்னச் சக்கர வண்டி ஒரு மிதிக்கு எத்தனை இஞ்ச் சக்கரம் போகும் தூரம் போகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. கியர் இஞ்ச் என்பது அந்த ஒப்பீடு. நம்முடைய 75 என்றால், பெடல் நேராக மாட்டிய 75 இஞ்ச் சக்கரத்துக்கு இது ஈடு என்று பொருள். அப்படி ஒரு சக்கரத்தை எந்த மனிதக் காலாலும் மிதிக்க முடியாது, செயின் வந்ததால்தான் அது கைகூடியது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்று அளந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் தெவெலொப்மோன், சுருட்டியதை விரிப்பது என்று பொருள், சக்கரத்தின் சுற்றளவைத் தரையில் விரித்துப் போடுகிற அளவு. கியர் இஞ்சை 0.08 ஆல் பெருக்கினால் இந்த மீட்டர் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும், 75 இஞ்சுக்கு 6 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் 360 மீட்டர், மணிக்கு 21 கிலோமீட்டரைத் தாண்டும். பந்தய விதிகளும் இந்த வழியைத்தான் பிடித்தன. ஜூனியர் சாலைப் பந்தயங்களில் நெடுங்காலம் இருந்த வரம்பு ஒரு மிதிக்கு 7.93 மீட்டர்.

தமிழில் என்ன சொல்வது? முதலில் கியர் என்ற சொல்லே நம்மிடம் பல வேலை பார்க்கிறது. "கியர் சைக்கிள்" என்றால் கியர் மாற்றும் வசதி உள்ள வண்டி, "மூணாவது கியர்" என்றால் ஒரு நிலை, மெஷின் கடையில் கியர் என்றால் பல் வைத்த சக்கரம். ஆங்கிலத்திலும் அதன் கதை இப்படித்தான், பழைய நார்ஸ் மொழியில் உடை, தளவாடம் என்ற பொருளில் இருந்து வந்து, போர்க்கருவி, குதிரைச் சேணம் என்று போய், அப்புறம்தான் இயந்திரத்துக்குள் நுழைந்தது.

பல்லிணை என்ற சொல் அழகானது, ஆனால் பல்லோடு பல் நேராக இணைகிற இடத்துக்குத்தான் அது பொருந்தும். சைக்கிளில் முன்பல்லும் பின்பல்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் செயின் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் ஒரே திசையில் சுற்றுகின்றன. ஆகவே இங்கே பற்சக்கரம் என்பதே சரி, இலங்கையில் பற்சில்லு என்பார்கள். ரேஷியோவுக்குப் பல் விகிதம் போதும். கியர் இஞ்சை ஈடான விட்டம் என்று சொல்லலாம், பொருள் உடைந்து போகாது. மீட்டர் கணக்கை மிதித்தூரம் என்று சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லே காட்டிவிடுகிறது, பழைய பெரிய சக்கரத்தின் கதை தெரியாதவருக்கும் புரியும்.

இது தெரிந்தால் சக்கரம் மாறும்போது பல்லை எப்படி மாற்றுவது என்பது கைக்கு வந்துவிடும். அதே 48-18 ஐ 20 இஞ்ச் மடக்கு சைக்கிளில் போட்டால் (டயரோடு நிஜ விட்டம் சுமார் 19) ஈடான விட்டம் 51 தான், கால் படபடவென்று சுற்றும், வண்டி நகராது. பழைய 75-க்குத் திரும்ப 52-13 மாதிரி ஒன்று வேண்டும், அதற்காகத்தான் சின்னச் சக்கர வண்டிகளில் முன்னால் அவ்வளவு பெரிய செயின் வீல் இருக்கிறது, அழகுக்காக இல்லை. இதற்கு நேர் எதிர் மலை சைக்கிள். 26 இஞ்சிலிருந்து 29 இஞ்சுக்கு மாறினால் ஒவ்வொரு கியரும் 11 சதவீதத்துக்கு மேல் கனமாகிவிடும். முன்னால் 32 பல் இருந்த இடத்தில் 28 போட்டால்தான் ஏற்றத்தில் பழைய லேசு கிடைக்கும். சமவெளியில் ஈடான விட்டம் 65 முதல் 75 வரை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும், ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏற நினைப்பவர் 25-க்குக் கீழே ஒரு கியர் வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

விட்டத்தை டயரில் அச்சிட்ட எண்ணை நம்பி எடுக்காதீர்கள். 700சி என்று அச்சிட்ட சக்கர அளவு 28 மில்லிமீட்டர் அகல டயரோடு 678 மில்லிமீட்டர்தான், 26.7 இஞ்ச். அதையும் 28 இஞ்ச் என்று விற்கிறார்கள், பழைய ரோட்ஸ்டர் (சாதாரண கறுப்புச் சைக்கிள்) வண்டியின் 28-ம் 28 தான், ஆனால் ரிம் விட்டம் 700சி-யில் 622 மில்லிமீட்டர், ரோட்ஸ்டரில் 635. மிதித்தூரத்துக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். காற்றைச் சரியாக அடித்து, ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து, டயர் வால்வு கீழே இருக்கும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, வால்வு மறுபடி கீழே வரும்வரை உருட்டி அடுத்த கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள நீளத்தைப் பல் விகிதத்தால் பெருக்கினால் மிதித்தூரம்.