பரிணாமம்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

உயிரியலில் பரிணாமம் என்பது, ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபுவழியாகக் கடத்தப்படும் பண்புகளின் விகிதம் தலைமுறைதோறும் மாறிவருவதையும், அம்மாற்றங்கள் நெடுங்காலம் சேர்ந்து திரள்வதால் ஓர் இனத்திலிருந்து புதிய இனங்கள் கிளைப்பதையும் குறிக்கும். இந்த வரையறையில் கூட்டம், தலைமுறை என்னும் இரண்டு சொற்களையும் விட்டுவிட்டால் எஞ்சுவது வேறொரு கருத்தாகிவிடும். தனி உயிர் ஒன்று தன் வாழ்நாளில் வேறோர் உயிராக மாறுவதாக உயிரியல் எங்கும் சொல்லவில்லை. பள்ளி அறிவியலில் இப்பாடம் வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எதிர்த்துப் பேசுவோரிற் பலர் மறுப்பது, உயிரியல் சொல்லாத அந்த வேறொரு கருத்தைத்தான். ஆகவே இச்சொல்லின் பொருளைத் தெளிவாக்குவது, அந்தப் பாடத்திற்குப் பெற்றோரின் ஆதரவைத் திரட்டுவதில் முதல் வேலை என்று கருதுகிறேன்.

வரையறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் வெளிர்நிறச் சிறகில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போன்ற ஓர் அந்துப்பூச்சி உண்டு. பகலில் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் அப்பூச்சி, மரத்தில் படர்ந்த பாசிக்காளான்களின் நிறத்தோடு கலந்துவிடுவதால் பறவைகளின் கண்ணுக்குத் தப்பும். 1848ஆம் ஆண்டு மான்செஸ்டரில் அதே இனத்தின் கரிய வடிவம் ஒன்று பதிவாயிற்று. ஆலைப்புகை பாசிக்காளான்களை அழித்து மரங்களைக் கரியாக்கிய பின்னர், வெளிர்நிறப் பூச்சிகள் பறவைகளுக்கு எளிதில் இரையாகவும் கரியவை தப்பிப் பெருகவும், 1895 வாக்கில் அந்நகரில் ஏறத்தாழ 98 விழுக்காட்டுப் பூச்சிகள் கரியவையாக இருந்தன. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்திற்குப் பிறகு புகை குறைந்தது. கரிய பூச்சிகளின் விகிதமும் சரிந்தது. இன்று அவை அரியவை. எந்தப் பூச்சியும் நிறம் மாறவில்லை. கூட்டத்தின் விகிதமே மாறியது. கரிய வடிவம் வெளிர் வடிவத்தைவிட ‘உயர்ந்ததும்’ அன்று. புகை இருந்தவரை அதற்குப் பிழைப்பு எளிதாக இருந்தது, அவ்வளவே.

இனிச் சொல்லுக்கு வருவோம். பரிணாமம் வடசொல். ‘பரி’ என்னும் முன்னொட்டும், வளைதலைக் குறிக்கும் ‘நம்’ என்னும் வினையடியும் சேர்ந்து, ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்குத் திரும்புதல், மாற்றம், முதிர்ச்சி என்ற பொருள்களைத் தரும். உயிரியலுக்கு வருமுன் இச்சொல் பல நூற்றாண்டுகள் தத்துவத்தில் வாழ்ந்தது. காரணப்பொருள் தானே காரியப்பொருளாக மாறுகிறது என்பது, சாங்கியம் என்னும் பழைய இந்தியத் தத்துவப் பள்ளியினரின் பரிணாமவாதம். பால் தயிராவது அதற்கு மரபாகச் சொல்லப்படும் உவமை. தமிழ்ச் சைவ சித்தாந்த நூல்களிலும் பரிணாமவாதியின் பெயர் வருகிறது. எனவே டார்வின் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் காதுக்கு இச்சொல் பழக்கமானது. அந்தப் பழக்கமே ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. பால் தயிராகும்போது இருந்த அந்தப் பொருளே மாறுகிறது. தயிரான பின் பால் எஞ்சுவதில்லை. உயிர்ப் பரிணாமத்தில் அப்படியன்று. ‘குரங்கு மனிதனாக மாறியிருந்தால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?’ என்று கேட்பவர், அறிந்தோ அறியாமலோ, பால் தயிராவதைத்தான் நினைத்துக்கொள்கிறார். மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள் என்பதே உயிரியலின் கூற்று. ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் மற்றொருவராக மாறுவதில்லை.

அண்டை மொழிகள் ஒவ்வொன்றும் வேறு வழியில் சென்றிருக்கின்றன. மலையாளமும் தெலுங்கும் சிங்களமும் பரிணாமத்தையே எடுத்துக்கொண்டன. இந்தியில் அச்சொல்லுக்கு ‘விளைவு’ என்று பொருளாகிவிட்டதால், உயிரியலுக்கு ‘விகாஸ்’ என்று மலர்ச்சியைக் குறிக்கும் சொல் வழங்குகிறது. வளர்ச்சித் திட்டம் பற்றிய அரசியல் மேடைப் பேச்சிலும் அங்கே அதே சொல்தான். மராத்தியும் குஜராத்தியும் ‘உத்கிராந்தி’ என்று மேலேறுவதைச் சொல்கின்றன. வங்காளம் ‘பிபர்தன்’ என்கிறது; அது, காரணப்பொருள் உண்மையில் மாறுவதில்லை, மாறியதுபோல் தோன்றுகிறது என்று தத்துவத்தில் பரிணாமவாதத்திற்கு எதிரணியில் நின்ற விவர்த்தவாதத்தின் உறவுச்சொல்.

ஐரோப்பிய மூலச்சொல்லும் சிக்கலற்றதன்று. ‘எவல்யூஷன்’ என்பதன் இலத்தீன் வேர், சுருட்டி வைத்த ஏட்டுச்சுருளை விரித்துப் படிப்பதைக் குறித்தது. சுருளில் முன்பே எழுதியிருப்பதுதான் விரிக்கும்போது வெளிப்படும். 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பொன்னே போன்ற கருவியலார், கருவுக்குள் முழு உயிரும் நுண்ணுருவில் ஏற்கெனவே அடங்கியிருந்து விரிகிறது என்ற தம் கருத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினர். 1859 நவம்பரில் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் தம் நூலின் முதற்பதிப்பில் டார்வின் இந்தப் பெயர்ச்சொல்லை ஆளவே இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. ‘மாற்றத்துடன் கூடிய வழித்தோன்றல்’ என்பதே அவர் விரும்பிய தொடர். எவல்யூஷன் என்ற சொல்லை முன்னேற்றம் என்ற பொருளேற்றிப் பரப்பியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் எர்பர்ட் ஸ்பென்சர். ‘தக்கன பிழைத்தல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் தொடரும் 1864இல் அவர் படைத்ததுதான். டார்வின் அதை 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். இந்த ஒரு தொடரில் தமிழ் மூலத்தை விஞ்சிவிட்டது என்று சொல்வேன்: ‘வலியன’ என்னாமல் ‘தக்கன’ என்றதால், வலிமை பற்றிய பேச்சு இது அன்று, சூழலுக்குப் பொருந்துவது பற்றியது என்பது படித்தவுடன் விளங்குகிறது.

அந்தக் கவனத்தை நாம் ‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடரில் காட்டவில்லை. செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் பரிணாமம் தனியே வருவது அரிது. பின்னால் ஒரு ‘வளர்ச்சி’ ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘படிவளர்ச்சி’ என்று தனித்தமிழில் ஆக்கியவர்களும் அதே வளர்ச்சியை உள்ளே வைத்தார்கள். படியும் சேர்ந்ததால், கீழ்ப்படியில் புழுவும் மேற்படியில் மனிதனும் நிற்கும் ஏணி ஒன்று மாணவர் மனத்தில் உருவாகிவிடுகிறது. நாடாப்புழுவை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை. தான் ஒட்டிவாழும் உயிரின் குடலில் செரித்த உணவைத் தோலின் வழியே உறிஞ்சிக்கொள்வதால் அவை அதற்குத் தேவைப்படவும் இல்லை. அதன் மூதாதையருக்கு இருந்த உணவுப்பாதை இழக்கப்பட்டது. இருளே சூழ்ந்த குகைநீரில் வாழும் சில மீன்கள் கண்களை இழந்ததும் அவ்வாறே. இவையும் பரிணாமம்தான்; இவற்றை வளர்ச்சி என்று எந்த ஆசிரியராலும் விளக்க முடியாது.

வளர்ச்சியைவிடப் பெருங்கேடு செய்வது ‘கொள்கை’ என்னும் சொல். ‘டார்வின் கொள்கை’ என்று எழுதுகிறோம். கட்சிக்கும் கொள்கை, அரசுக்கும் கல்விக்கொள்கை. கொள்கை என்பது ஒருவர் கொள்வது. வேண்டாதவர் கொள்ளாமல் விடலாம். அறிவியலில் ‘தியரி’ என்பது, சோதித்துப் பார்த்த பல உண்மைகளைக் கோத்து விளக்கி, இன்னும் காணாதவற்றை முன்கூட்டிச் சொல்லவும் வல்ல கட்டமைப்பு. அதற்குக் ‘கோட்பாடு’ என்ற சொல்லும், சோதிக்கப்பட வேண்டிய ஊகத்திற்குக் ‘கருதுகோள்’ என்ற சொல்லும் நம்மிடம் தனித்தனியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் ஊர் சான்று. அங்குள்ள பள்ளி வாரியம் 2004ஆம் ஆண்டு, டார்வினின் கோட்பாடு ஒரு கோட்பாடு மட்டுமே, அது உண்மை நிகழ்வு அன்று என்ற அறிவிப்பை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றது. அறிவியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து படித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், உயிர்களை அறிவுள்ள ஒரு சக்தி திட்டமிட்டுப் படைத்தது என்று ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் முன்வைக்கப்பட்ட மாற்று விளக்கம் அறிவியல் அன்று, அதைப் பள்ளி அறிவியல் வகுப்பில் புகுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்னரே நடந்த வாரியத் தேர்தலில், மீண்டும் போட்டியிட்ட பழைய உறுப்பினர் எட்டுப் பேரும் தோற்றுப்போனார்கள். நீதிமன்றம் பேசுமுன் ஊரார் வாக்கால் பேசிவிட்டார்கள் என்பதே இந்நிகழ்ச்சியில் எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்நாட்டில் பரிணாமத்தை ஏற்போர் 1985இல் சுமார் 45 விழுக்காடாக இருந்து 2019இல் 54 விழுக்காடானதை ஜான் மில்லர் முதலியோரின் நெடுநாள் கருத்தாய்வு காட்டியது.

இந்தியாவிலும் இச்சொல் இருமுறை பொதுவெளிக்கு வந்தது. 2018 ஜனவரியில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத்துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை என்று கூறி, டார்வினின் கோட்பாடு தவறு, பாடத்திட்டம் மாறவேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டறிக்கை வெளியிட்டு, இப்பாடத்தை நீக்குவதோ நீர்த்துப்போகச் செய்வதோ பின்னோக்கிய அடி என்றன. ‘யார் கண்டார்?’ என்ற அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை; கேட்கத்தக்க கேள்விதான், ஆனால் பால் தயிராவதைக் கேட்கும் முறையில் கேட்கப்பட்டது. கூட்டத்தின் விகிதம் மாறுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மெஜரஸ் என்னும் அறிஞர், மேலே சொன்ன அந்துப்பூச்சிகளில் 4,864ஐ ஆறாண்டுகளில் மரங்களில் விட்டுக் கண்காணித்து, அவற்றைப் பறவைகள் கொத்தித் தின்றதைத் தம் தோட்டத்திலேயே கண்டு பதிவு செய்தார்.

இரண்டாவது நிகழ்ச்சி 2023இல். மத்திய அரசின் பாடநூல்களை உருவாக்கும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம், பாடச்சுமைக் குறைப்பின்போது ‘மரபு’ என்று சுருங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே என்ற விடை சொல்லப்பட்டது. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைத் தேர்ந்தெடுப்போர் சிலரே, மற்றவர்கள் இச்சொல்லைப் பள்ளியில் கேளாமலே வெளியேறுவார்கள் என்பது எதிர்வாதம். பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி என்னும் அறிவியல் பரப்புரை அமைப்பு வெளியிட்ட திறந்த மடலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் கையொப்பமிட்டனர். அந்த எதிர்வாதத்தின் பக்கமே நான் நிற்கிறேன். மருந்துக்குப் பணியாத நுண்ணுயிரி ஏன் உருவாகிறது, பூச்சிமருந்து சில ஆண்டுகளில் ஏன் பயனற்றுப்போகிறது என்பவை உயிரியல் படிக்காத வணிகருக்கும் உழவருக்கும் தெரியவேண்டியவை. இரண்டுக்கும் விளக்கம் இப்பாடத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடநூல் தனியானது. அதன் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் உண்டு.

தமிழ்ச் சொல் எது? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பரிணாமத்திற்குக் ‘கூர்ப்பு’ என்று பெயர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உயிரியல் கற்ற ஒருவருக்கு அது அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் அதே சொல்லைச் சொன்னால் கத்தியின் முனைதான் நினைவுக்கு வரும். தமிழகத்திலும் முன்பு ‘கூர்தலறம்’ என்று எழுதியவர்கள் உண்டு. கூர்தலின் பழம்பொருள் மிகுதல். நினைவுகூர்தல், அருள்கூர்தல், அன்புகூர்தல் என்று இன்றும் சொல்கிறோம். இவற்றில் முனையும் இல்லை, கத்தியும் இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உரிச்சொற்களைப் பேசும் உரியியல் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று இலக்கணம் வகுக்கிறது; சிறத்தல் என்றால் அங்கே மிகுதல்: ஏற்கெனவே உள்ளது மிகும் என்பதே பொருள். இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? கரிய பூச்சி புகையால் புதிதாகப் படைக்கப்படவில்லை. முன்பே கூட்டத்தில் இருந்த வேறுபாடு, சூழல் மாறியபோது மிகுந்தது. ஏணியும் படியும் இல்லாமல், முன்னேற்றம் என்ற மயக்கமும் இல்லாமல், சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகும் இயற்கைத் தேர்வு செய்யும் வேலையை இச்சொல் சொல்லிவிடுகிறது. புது இனம் கிளைப்பதை அது நேரடியாகச் சுட்டவில்லை என்பது குறைதான். பரிணாமமும் அதைச் சுட்டவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொல்காப்பியத்தில் சொல் இருப்பதால் கோட்பாடும் இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அந்நூலின் ‘மரபியல்’ என்னும் இயல் வகைப்படுத்துவது வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததாக அது கூறவில்லை. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்னும் திருவாசக அடி, ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்ததைப் பாடுகிறது. இவற்றை டார்வினுக்கு முன்னோடியாகக் காட்டும் பேச்சு, வகுப்பறைக்கு ஆதரவு தேடித் தருவதுபோல் தோன்றினாலும், மாணவருக்குத் தவறான உயிரியலையும் தவறான இலக்கியத்தையும் ஒருசேரக் கற்பிக்கிறது.

தமிழ்நாட்டில் பரிணாமம் வேரூன்றிவிட்டது; அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. பாடநூலில் முதன்முறை வரும் இடத்தில் ‘பரிணாமம் அல்லது கூர்ப்பு’ என்று இரண்டையும் தந்து, உரியியல் நூற்பாவை ஒரு வரியில் விளக்கிவிட்டால், இரு நாட்டு மாணவரும் ஒருவர் நூலை ஒருவர் தடையின்றிப் படிக்க வழியுண்டு. ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுத நேரும் இடத்தில் வளர்ச்சியை நீக்கலாம். ‘பரிணாமக் கொள்கை’ என்பதைப் ‘பரிணாமக் கோட்பாடு’ என்று திருத்தலாம்.