ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் சில நாள் விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்தக் காம்பராவைத் தாண்டினாலும் இருமல் சத்தம். கேட்டால், "பனி புடிச்சிருச்சு" என்பார்கள். பிடித்தது வைரஸ்தான். ஆனாலும் பனியின் மேல் போடும் பழி முழுப் பொய்யில்லை.

மூக்கின் உட்புறம் உடம்பின் உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்தது, சுமார் 33 பாகை செல்சியஸ். சாதாரணத் தடிமலை (ஜலதோஷத்தை) தரும் ரைனோ வைரஸ் 37 பாகையைவிட இந்தச் சூட்டில்தான் நன்றாகப் பெருகும். குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்தால் அதற்கு இன்னும் வசதி.

அடுப்புப் புகை வேறு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவை போல அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றை முடக்கிவிடும். தேங்கிய சளியை வெளியே தள்ள அப்புறம் இருமலை விட்டால் வழியில்லை. அதனால்தான் இருமலை அடக்கும் சிரப் தேடி அலைவதை நான் ஆதரிப்பதில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது வைரஸைக் கொல்லாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், தண்ணீரும் உடம்பில் சேரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராவில் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம். அதற்குக் குறைந்த வயதில் தேன் வேண்டாம்.

சளி பச்சையானால் உடனே பழைய அன்டிபயோட்டிக் மிச்சத்தைத் தேடுவார்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்களில் ஒரு பச்சை நொதியம் இருக்கிறது, நிறம் அதனுடையது. வைரஸ் தடிமலிலும் சளி பச்சையாகும், அதற்கு அன்டிபயோட்டிக் உதவாது.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? இருமலின் சத்தத்தைவிட மூச்சின் வேகம்தான் சரியாகச் சொல்லும். நிமோனியா வந்தால் நுரையீரலின் காற்றுப் பைகளில் நீர் கோத்து, பஞ்சு போலிருந்த நுரையீரல் விறைத்துப்போகும். ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை, குட்டிக் குட்டி மூச்சாக வேகமாக இழுத்து ஈடுகட்டப் பார்க்கும்.

பிள்ளை தூங்கும்போது, அல்லது அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்குங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் முழுதாக ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். காய்ச்சலும் மூச்சைக் கூட்டும் என்பதால் சூடு தணிந்ததும் இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள். பால் குடிக்க மாட்டாமை, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, உதடு நீலமாவது, இவையும் அப்படித்தான். 2 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போய்விடுங்கள்.

பெரியவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, தடுமாறிப் பேசுவது, சளியில் இரத்தம், இவை ஆபத்தின் அறிகுறிகள். காய்ச்சல் விட்டு, இரண்டு நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்பினாலும் சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களும் காய்ச்சலோடு இருமல் வந்ததுமே வைத்தியரைப் பார்ப்பது நல்லது. இன்ஃபுளுவென்சா மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு கிழமைக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம், காசநோய் இருக்கலாம். அரச மார்பு சிகிச்சை நிலையங்களில் அது இலவசம்.

காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் போதும். டெங்கு உள்ள நாட்டில் புரூஃபன் (ஐபுப்ரோஃபென்), அஸ்பிரின் எல்லாம் ஆபத்து.

ராவில் கிளம்ப வேண்டி வந்தால் 1990 அடியுங்கள். சுவசரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்ல வேண்டும். வாகனம் லயத்து வாசல் வரை ஏறாத இடமென்றால், பிள்ளையைப் போர்த்திக்கொண்டு எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.