வயோதிகம்: மூப்பா, முதுமையா, கிழமையா?

‘வயோதிகம்’ என்ற சொல்லைப் பேச்சில் இப்போது அதிகம் கேட்க முடியாது. இரங்கல் குறிப்பிலும் மேடைப் பேச்சிலும் பழைய நாவல்களிலும் மிஞ்சியிருக்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் மட்டும் ‘வயோதிபர்’ என்ற வடிவத்தில் அன்றாடம் நடமாடுகிறது. சொல் வடமொழியிலிருந்து வந்தது. வயஸ் என்றால் வயது; அதிக என்றால் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் வயோதிக, அதாவது வயது கூடியது. வெறும் கணக்குதான். ஆள் பழுத்தாரா, தளர்ந்தாரா, அறிவு கூடியதா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் முதல் பாதியில் ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் வயஸ் என்பதற்கு வயது என்ற பொருளோடு வலிமை, இளமைத் துடிப்பு என்ற பொருள்களும் இருக்கின்றன. நாமும் அதை அறியாமலே காப்பாற்றி வருகிறோம். ‘வயசுப் பொண்ணு’ என்றால் இளம்பெண். ‘வயசாளி’ என்றால் கிழவர். ஒரே வயசுதான், ஒட்டிக்கொண்ட இடத்தைப் பொறுத்து இந்தக் கோடியிலும் நிற்கிறது, அந்தக் கோடியிலும் நிற்கிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதியைப் புரட்டினால் மூப்பு, முதுமை என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். மூப்பு, மூத்தல் என்ற வினையிலிருந்து வருவது. மூத்தான், மூத்தவள், மூத்தோர் எல்லாம் அந்தக் குடும்பம். அதில் ஒரு நடப்பு தெரிகிறது: உடம்பு ஒவ்வொரு நாளும் மூக்கிறது. முதுமை என்பது ‘முது’ என்ற அடியிலிருந்து வரும் பண்புப்பெயர். முதுமொழி, முதுகுடி, முதுகலை என்னும்போது தேய்மானம் நினைவுக்கு வருவதில்லை. பழமையும் நிறைவும்தான் நினைவுக்கு வருகின்றன. முதிர்வதும் அப்படித்தான்.

தொல்காப்பியர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருந்தாரா தெரியாது. ஆனால் அவர் ஓரிடத்தில் எடுத்த சொல் கவனிக்கத்தக்கது. உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலில் இளிவரல், அதாவது இழிவாக உணர்தல், எதனால் பிறக்கிறது என்று நான்கு காரணம் சொல்கிறார்: ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு யாப்புற வந்த இளிவரல் நான்கே.’ நோயையும் துன்பத்தையும் எளிமையையும் முந்திக்கொண்டு மூப்பு நிற்கிறது. ‘நம் மரபில் முதியோருக்குத் தனி மரியாதை’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரியை வசதியாக மறந்துவிடுவார்கள்.

புறநானூற்றுக்குப் போனால் மரபு இன்னும் கலைந்து கிடக்கிறது. 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பெண்களோடு விளையாடியது, நீர்த்துறையில் தாழ்ந்த மருதமரக் கொம்பில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மலைக்க மடுவில் ‘துடும்’ என்று குதித்து அடிமணலை அள்ளி வந்தது. இப்போது பூண் பிடித்த கோலை ஊன்றி, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் ‘பெருமூதாளரேம்’ ஆகிவிட்டோம் என்கிறார். பாடியவர் பெயர்கூட மறைந்துபோய், அவர் ஊன்றிய கோலே பெயராகிவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார்.

191ஆம் பாட்டில் பிசிராந்தையார் நேர் எதிராகப் பேசுகிறார். ஆண்டு பல ஆகியும் எப்படி நரைக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர்கள், அரசன் முறை தவறாதவன், ஊரில் சான்றோர் பலர் என்று பட்டியல் போடுகிறார். அவருக்கு மூப்பு என்பது ஊர் நிலவரத்தைக் காட்டும் அளவுகோல்.

இந்த இரண்டையும்விடக் காரமானது 195. நரிவெரூஉத்தலையார் சபைப் பெரியவர்களையே நேருக்கு நேர் விளிக்கிறார்: ‘கயல்முள் அன்ன நரைமுதிர் திரைகவுள் பயன்இல் மூப்பின் பல்சான்றீரே.’ மீன் முள் மாதிரி நரைத்து, கன்னம் திரைந்து, ஒரு பயனும் இல்லாமல் மூத்தவர்களே என்று பொருள். நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டதையாவது செய்யாமல் இருங்கள் என்று முடிக்கிறார். ‘சான்றீர்’ என்ற மரியாதையையும் ‘பயன்இல் மூப்பு’ என்ற குத்தலையும் ஒரே மூச்சில் வைத்த துணிச்சல் அது. 183ஆம் பாட்டில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டியனே, ஒரே குடியில் பிறந்தவர்களுள்ளும் ‘மூத்தோன் வருக’ என்று சொல்லாமல் அறிவுடையவன் வழியில்தான் அரசு செல்லும் என்கிறான். மூத்தவனுக்கு முதலிடம் என்ற மரபை அரியணையில் இருந்தவனே அசைக்கிறான். பழமைக்கும் மாற்றத்துக்கும் நடக்கும் மல்லுக்கட்டு ஆங்கிலக் கல்வியோடு வந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டைப் படிக்கவேண்டும்.

இந்தப் பாட்டுகளில் எதிலும் ‘கிழவன்’ என்ற சொல் வரவில்லை. அது தற்செயல் அல்ல. அந்தக் காலத்தில் கிழவன் என்றால் முதலில் மனத்தில் எழுந்தது வயது அல்ல, உரிமை. கிழமை என்பது உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறாம் வேற்றுமையை இலக்கணத்தில் கிழமைப் பொருள் என்பதும் அதனால்தான். நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். ஊருக்கு உரியவர்கள் கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார். தொல்காப்பியக் களவியலில் ‘ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப’ என்று வருகிறது. இன்றைய காதுக்கு அது முதியோர் இல்லத்துச் சந்திப்பு போலக் கேட்கும். ஆனால் அங்கே ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் காளைப் பருவத்துத் தலைவனும் இளம்பெண்ணான தலைவியும்.

குறளிலும் அப்படியே. ‘செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்’ (1039) என்றால், நிலத்துக்கு உரியவன் போய்ப் பார்க்காமல் வீட்டிலேயே இருந்தால் அது மனைவியைப் போலக் கோபித்துக்கொள்ளும் என்று பொருள். வயசானதால் வயலுக்குப் போகமுடியாத கிழவனைப் பற்றியது அல்ல. பழைமை என்ற அதிகாரத்தின் முதல் குறளில், பழைமை எது என்று கேட்டுவிட்டு ‘கிழமையைக் கீழ்ந்திடா நட்பு’ என்று விடை தருகிறார். நண்பர் உரிமையோடு செய்வதைச் சிதைக்காமல் ஏற்பது. பழைமையும் கிழமையும் அங்கே அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த சான்று திருமுருகாற்றுப்படையின் கடைசி அடி: ‘பழமுதிர் சோலை மலைகிழ வோனே.’ பழம், முதிர், கிழவோன் என்று மூன்று சொல்லும் வரிசையாக நிற்கின்றன. பாடப்படுபவனோ என்றும் இளையவனான முருகன்!

உரிமை எப்போது வயதாக மாறியது? ஒரே நாளில் மாறியிருக்காது. குடும்பத்திலும் ஊரிலும் உரிமை இருந்தது மூத்தவர் கையில். உரியவர் என்றாலே மூத்தவர் என்று பழகிய பிறகு, சொத்தும் அதிகாரமும் கைமாறிப் போனாலும் பெயர் மட்டும் அவரிடமே தங்கியிருக்கும். ‘பெரியவர்’ என்ற மரியாதைச் சொல் நம் கண்ணெதிரே ‘பெருசு’ ஆனதைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இராது.

இந்த மாற்றத்தை அப்படியே கதையாக்கி வைத்திருக்கிறது ஒரு தலபுராணச் செய்தி. இடம் விருத்தாசலம். தேவாரத்தில் அதன் பெயர் முதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். விருத்த என்றால் முதிய, அசலம் என்றால் மலை. வயோதிகத்துக்கும் முதுமைக்கும் என்ன உறவோ அதே உறவுதான் இந்த ஊர்ப்பெயர்களுக்குள்ளும். குகை நமசிவாயரின் சீடரான குரு நமசிவாயர் அங்கே பசியோடு தங்குகிறார். அம்மன் பெயர் பெரியநாயகி. அவளைப் பார்த்துப் பாடுகிறார். சிவனின் இடப்பக்கத்துக்கு உரியவள் என்ற பொருளில் கிழத்தி, கிழத்தி என்று அடுக்கி, ‘மலைக்கிழத்தி சோறு கொண்டு வா’ என்று முடிக்கிறார். அம்மன் கோலூன்றிய பாட்டியாக வந்து நிற்கிறாள். இத்தனை முறை கிழவி என்றாயே, கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா என்று கேட்கிறாள். அவர் உடனே இளமையைப் புகழ்ந்து இன்னொரு வெண்பா பாடுகிறார். இளம்பெண்ணாகிச் சோறு கொண்டுவருகிறாள். அந்தக் கோயிலில் பெரியநாயகியோடு இளையநாயகிக்கும் சன்னிதி இருப்பதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

கதையை நம்புவது அவரவர் விருப்பம். சொல்லாராய்ச்சிக்கு அது பொன். புலவர் சொன்னது பழைய பொருளில்: மகன் மலைகிழவோன் என்றால் தாய் மலைக்கிழத்திதானே! அம்மன் கேட்டது புதிய பொருளில். இரண்டு பொருளும் கேட்பவர்கள் காதில் உயிரோடு இருந்த காலத்தில்தான் இப்படி ஒரு கதை பிறந்திருக்க முடியும். கடைசியில் வென்றது புதிய பொருள். புலவர்தான் பாட்டை மாற்றிப் பாடவேண்டியிருந்தது. நன்னூல் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்று இலக்கணமாக எழுதியதை இந்தக் கதை சோற்றுத் தட்டோடு விளக்குகிறது.

பாரதி காலத்துக்கு வந்தால் பழைய பொருளின் சுவடே இல்லை. ‘நரைகூடிக் கிழப்பருவம் எய்தி’ என்ற அடியில் கிழம் என்பது அஞ்சத்தக்க வீழ்ச்சி. 1921இல் நாற்பதை எட்டாமலே மறைந்த அவருக்கு அந்தப் பருவம் வாய்க்கவே இல்லை. கிழம், கிழடு என்று அஃறிணையாக்கித் திட்டுவது அப்புறம் சகஜமாகிவிட்டது. ‘தொண்டு கிழம்’ என்பதில் உள்ள தொண்டு சேவை அல்ல. பழமை என்று பொருள். தொன்றுதொட்டு என்பதைத் தொண்டுதொட்டு என்கிறோமே, அதே சொல்.

முதுமை என்ற சொல்லுக்கு மறுபடி மானம் தேடித் தந்தவர் பாரதிதாசன். குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே ‘முதியோர் காதல்’. இளமையைத் தவிர வேறெதையும் காதலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கவிமரபின் முன்னால் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து வைப்பதே ஒரு கலகம். அதில் கணவர் தம் மனைவியை மறைக்காமல் வர்ணிக்கிறார்: புதுமலர் அல்ல, காய்ந்த புற்கட்டு, முகம் மதி அல்ல, வறள்நிலம், கண்கள் குழிகள். ‘எது எனக்கு இன்பம் நல்கும்? இருக்கின்றாள் என்பது ஒன்றே!’ மூப்பின் இளிவரல் எதையும் மறுக்காமலே அதைத் தாண்டிப் போய்விடுகிறார். தொல்காப்பியர் போட்ட பட்டியலுக்கு இதைவிட நல்ல மறுமொழி தமிழில் எனக்குத் தெரியாது.

சிறுகதையில் ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’ இன்னொரு கதவைத் திறந்தது. கைம்பெண்ணாகி, தலை மழித்து, ஆசாரத்தோடு வாழ்ந்து முடித்த கௌரிப் பாட்டியின் பேத்தி கீதாவும் இளம் விதவை. அவள் மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கும்போது இடிந்துபோகிறவர் நடுவயது மகன். பேத்தியின் பக்கம் நிற்பவள் பாட்டி. கிழவி என்றால் பழமை, இளைஞர் என்றால் மாற்றம் என்று நாம் போட்டுவைத்த கணக்கு அங்கே பொய்க்கிறது. மரபின் பாரம் எவ்வளவு என்று அதைச் சுமந்தவளுக்குத்தான் தெரியும். இறக்கிவைக்கும் முடிவையும் அவளால்தான் துணிந்து எடுக்க முடிகிறது.

அலுவலகத் தமிழில் இந்தச் சொற்கள் வேறு வேலை பார்க்கின்றன. பதவி உயர்வு தரும்போது ‘பணிமூப்பு’. வீட்டுக்கு அனுப்பும்போது ‘வயது முதிர்வு’. வங்கியில் மட்டும் முதிர்வுத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அறுபது வயது நிறைந்தவர்களை ‘மூத்த குடிமக்கள்’ என்கிறது. மொழிபெயர்ப்பு வாசனை அடித்தாலும் அரசுப் படிவத்துக்கு அது போதும். கட்டுரைக்கும் கதைக்கும் ‘முதியோர்’ இருக்கும்போது அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. செய்தித்தாள்களில் ஆண் என்றால் முதியவர், பெண் என்றால் மூதாட்டி என்று ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. முதியவள் என்று எழுத ஏனோ கூசுகிறார்கள்.

கிழவனைப் பழைய அரியணையில் மறுபடி உட்காரவைக்கும் முயற்சி வேண்டாம், நடக்காது. ஆனால் அந்தச் சொல்லை அறவே விலக்கவும் தேவையில்லை. கிராமத்துத் திண்ணையில் ‘ஏ கிழவி, வெத்தலய எடு’ என்று கணவர் சொன்னால் அதில் இழிவு இல்லை, உரிமைதான் இருக்கிறது. அதே சொல்லைப் பேருந்து நடத்துநர் சொன்னால் சண்டை வரும். கதை எழுதுகிறவர்கள் யார் வாயில் வருகிறது என்று பார்த்துப் போட்டால் சரி.

வயோதிகம் என்று எழுதக் கை போகும் இடங்களில், உடல் தளர்ச்சியைச் சொல்ல ‘மூப்பு’ பொருந்தும்: மூப்பினால் பார்வை மங்கியது. வாழ்வின் அந்தக் கட்டத்தைச் சொல்ல ‘முதுமை’: முதுமையில் ஊருக்குத் திரும்பினார். ஆளைச் சொல்ல முதியவர், மூதாட்டி. கூட்டமாகச் சொல்ல முதியோர். யாழ்ப்பாணத்துப் பாத்திரம் ஒன்று செய்தித்தாள் படிக்கிற காட்சி என்றால் ‘வயோதிபர்’ என்றே இருக்கட்டும்.